பிளேக் குழு முதல் ஜில்லா பரிஷத் வரை: புனேயில் பொதுச் சுகாதார நிர்வாகம் பிரிந்த வரலாறு

புனே மாவட்டத்தின் ஒரு சிற்றூரில் கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பெயர் பதிவான துணை சுகாதார நிலையமும், அடுத்து செல்லும் ஆரம்ப சுகாதார நிலையமும் ஜில்லா பரிஷத் எனப்படும் மாவட்ட ஊராட்சியைச் சேர்ந்தவை. அங்கிருந்து அனுப்பப்படும் ஊரக மருத்துவமனையும் அவுந்த் மாவட்ட மருத்துவமனையும் மாநில சுகாதாரத் துறையின் சிவில் சர்ஜன் பொறுப்பில் உள்ளன. கடைசிப் புகலிடமான சசூன் மருத்துவமனையோ மருத்துவக் கல்வித் துறைக்கு உரியது. வழியில் அவர் கடந்துபோகும் மாநகராட்சிக்குத் தனி மருத்துவமனைகள். ராணுவக் குடியிருப்புகளை நிர்வகிக்கும் கன்டோன்மென்ட் வாரியங்களுக்கும் அப்படியே. இந்தப் பிரிவினை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டதல்ல. ஒவ்வொரு காலமும் ஓர் அடுக்கைச் சேர்த்துவிட்டுப் போனதன் விளைவு.

முதல் அடுக்கு அச்சத்தில் பிறந்தது. 1897 பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. புனேயில் பிளேக்கைக் கட்டுப்படுத்த, டபிள்யூ. சி. ராண்ட் தலைமையில் அமைந்த சிறப்புக் குழு, படைவீரர்களைக் கொண்டு வீடு வீடாகச் சோதனை நடத்தியது. நோயாளிகள் மருத்துவமனைக்கும் உடனிருந்தவர்கள் தனிமை முகாமுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். சமையலறையிலும் பூஜையறையிலும் சிப்பாய்கள் நுழைந்ததில் மூண்ட கோபம், ஜூன் 22 இரவு புரட்சியாளர்களான சாபேகர் சகோதரர்களின் துப்பாக்கியில் வெடித்தது. காயமுற்ற ராண்ட் ஜூலையில் இறந்தார்.

அதே ஆண்டில் இன்னொரு வழியும் இருந்தது. பெண் கல்வி முன்னோடி சாவித்திரிபாய் புலேயின் வளர்ப்பு மகன் யஷ்வந்த் மருத்துவர். ஊருக்கு வெளியே நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்துவந்தார். முண்ட்வாவின் மகர் குடியிருப்பில் நோயுற்ற ஒரு சிறுவனை சாவித்திரிபாய் முதுகில் சுமந்து அங்கே சேர்த்தார். அவரையே நோய் தொற்றியது. மார்ச் 10 அன்று மறைந்தார். அரசின் ஆவணங்களில் பொதுச் சுகாதாரம் என்றால் சோதனையும் முகாமும்தான். ஆனால் பராமரிப்பு என்பதன் தொடக்கத்தை நான் முண்ட்வாவில்தான் காண்கிறேன். 1909-இல் ரமாபாய் ரானடே நிறுவிய சேவா சதன், பெண்களைச் செவிலியர் பயிற்சிக்கு அனுப்பியதும் இந்த மரபில்தான் சேரும்.

விடுதலைக்குப் பின் அடுக்குகள் விரைந்து கூடின. 1950-இல் புனே மாநகராட்சி உருவானது. 1962-இல் ஜில்லா பரிஷத்துகள் செயல்படத் தொடங்கி, ஆரம்ப சுகாதார நிலையங்கள் அவற்றின் கைக்கு வந்தன. 1982-இல் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி. 1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம் தனித் துறைக்குப் போனதால், ஒரே குழந்தையின் எடை ஒரு பதிவேட்டிலும் தடுப்பூசி இன்னொன்றிலும் ஏறின. இதற்கு மாறாக, தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொதுச் சுகாதார இயக்ககத்தின் கீழேயே இருக்கின்றன. 1939-இன் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் அந்த இயக்ககத்துக்குச் சட்டபலமும் தந்தது.

பிரிந்ததை இணைக்க முடியும் என்பதற்கு வடூ சான்று. ஷிரூர் தாலுகாவின் இந்த ஊரில், 1970களில் கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் பானு கோயாஜி அரசுடன் கைகோத்து ஊரகச் சுகாதாரத் திட்டத்தை நடத்தினார். கிராமத்தவரையே பயிற்றுவித்துச் சுகாதார வழிகாட்டிகளாக்கினார். அவர்கள் கண்டறிந்த நோயாளிக்கு வடூவிலும், அங்கே முடியாதபோது புனே கே.இ.எம்.மிலும் சிகிச்சை கிடைத்தது. வீட்டு வாசலில் தொடங்கி பெரிய மருத்துவமனை வரை ஒரே பொறுப்பு. 1993-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. ஆனால் மாவட்டம் முழுவதற்கும் அந்த ஏற்பாடு விரியவில்லை.

2020 மார்ச் 9 அன்று மகாராஷ்டிரத்தின் முதல் கொரோனா நோயாளிகள் மாநகராட்சியின் நாயுடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அரசு பயன்படுத்திய சட்டம் மீண்டும் 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டமே. எந்த மருத்துவமனையில் படுக்கை காலி என்பதை அறிய, எல்லா நிர்வாகங்களின் கணக்கையும் கோட்ட ஆணையர் அலுவலகம் ஒரே இடத்தில் திரட்ட வேண்டியிருந்தது. நெருக்கடி வந்தபின் தேடித் திரட்டுவது நிர்வாகம் ஆகாது. மாநகராட்சி, ஜில்லா பரிஷத், கன்டோன்மென்ட் மூன்றையும் கட்டுப்படுத்தும் நிரந்தரமான மாவட்டச் சுகாதார அதிகாரம் ஒன்றைச் சட்டத்தின் வழியே அமைப்பதுதான் மகாராஷ்டிர அரசு இப்போது செய்ய வேண்டியது.