நாயக்கர் படையும் பேரரசின் காவலும்



திருமலைக்கு நடந்து செல்வோர் அலிபிரியில் முதற்படியைத் தொட்டு வணங்கி ஏறுவர். அங்கிருந்து தென்மேற்கே சில மைல் தொலைவில் சந்திரகிரிக் கோட்டை நிற்கிறது. விஜயநகரப் பேரரசின் பிற்காலத் தலைநகர்களுள் அது ஒன்று. அப்பேரரசு படை திரட்டிய முறையும், அம்முறையால் பின்னர் விளைந்த கேடும் நாம் அறியத் தக்கவை.

அரசருக்கெனத் தனிச் சேனை உண்டு. ஆயினும் பெரும்படை நாயக்கர்களுடையதே. 'அமரநாயங்கரம்' என்னும் ஏற்பாட்டின்படி ஒவ்வொரு நாயக்கருக்கும் ஒரு நிலப்பகுதி விடப்பட்டது. அதன் வருவாயில் ஒரு பங்கை அவர் அரசருக்குச் செலுத்துவார். எஞ்சியதைக் கொண்டு குறித்த அளவு காலாட்களையும் குதிரைகளையும் யானைகளையும் பேணி, அழைத்தபோது அனுப்புவார். 1535ஆம் ஆண்டையொட்டி எழுதிய போர்ச்சுகீசியரான நூனிஸ் இதனை விரித்துரைக்கிறார்.

கருவூலம் வற்றாமலே பெருஞ்சேனை கிடைத்தது. ஆனால் போர்வீரன் அறிந்த தலைவன் தனக்குச் சோறிட்ட நாயக்கனே. சந்திரகிரியிலிருந்து ஆண்ட சாளுவ நரசிம்மர் 1485இல் அரியணையையே கைக்கொண்டதற்கு இவ்வகைப் படைவலிமையே துணையாயிற்று.

1565இல் தலைக்கோட்டைப் போரில் இராமராயர் வீழ்ந்தார். அரசு பெனுகொண்டாவுக்கும், பின்னர் சந்திரகிரிக்கும் வேலூருக்கும் பெயர்ந்தது. இரண்டாம் வேங்கடபதி 1614இல் மறைந்ததும், கொப்பூரி ஜக்கராயர் புதிய அரசரான ஸ்ரீரங்கரைக் குடும்பத்தோடு கொல்வித்தார். தப்பிய இளவரசன் இராமதேவனை வேலுகோட்டி யாசம நாயக்கர் காத்தார். மதுரையும் செஞ்சியும் ஜக்கராயர் பக்கம். தஞ்சை இரகுநாத நாயக்கர் யாசமர் பக்கம். 1616-17இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகே தோப்பூரில் இரு அணிகளும் பொருதன. ஜக்கராயர் மாண்டார். பேரரசைக் காக்க வேண்டிய படைகள் தம்முள் மோதி அழிந்தன. முப்பது ஆண்டுகளுக்குள், 1646இல், சந்திரகிரி கோல்கொண்டா வசமாயிற்று.

1931இல் ஜப்பான் மஞ்சூரியாவில் புகுந்தபோது சீனத்தின் நிலையும் ஏறக்குறைய இதுவே. மாகாணத் தளபதிகள் பலர் தத்தம் படைக்குத் தாமே பொருள் தேடினர். 1932இல் ஷாங்காயில் பத்தொன்பதாம் பாதைப் படை ஒரு மாதத்திற்கு மேல் வீரத்துடன் நின்றது. எனினும் நாட்டின் எல்லாப் படைகளும் ஓராணைக்கு அடங்கி நடக்கவில்லை.

வெளிமாநிலங்களிலிருந்து குடும்பத்தோடு மலையேற வரும் நம்மவர், திரும்பும் வழியில் சந்திரகிரியையும் ஒருமுறை காண வேண்டும். கோட்டையின் கல்மதில் இன்றும் உறுதியாகவே நிற்கிறது. அதைக் காக்க வேண்டியவர்களிடையே ஒற்றுமை குலைந்தபோது அம்மதிலால் பயன் விளையவில்லை.