கல் கீழே வருவதற்குள்

ஒரு முழ உயரத்துக்கு எறிந்த கல் திரும்பக் கைக்கு வர ஏறக்குறைய 0.6 நொடி ஆகும். அதற்குள் தரையில் சிதறிக் கிடக்கும் நான்கு கற்களில் ஒன்றை, பக்கத்துக் கல் அலுங்காமல் அள்ளி, மேலிருந்து வருவதையும் அதே கையால் பிடித்துவிட வேண்டும். மதுரை, தேனிப் பக்கத்தில் இதைச் சொட்டாங்கல் என்பார்கள். தட்டாங்கல், அஞ்சாங்கல் என்ற பெயர்களும் உண்டு. முதலில் ஒவ்வொன்றாக எடுப்பது, அடுத்து இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றுமாக, அதற்கும் பிறகு நான்கையும் ஒரே அள்ளில். அது முடிந்தால் இடக்கை விரல்களை வளைத்து வாசல் கட்டி, அதற்குள் கற்களைத் தள்ளுவது. கடைசியில் ஐந்தையும் தூக்கிப் போட்டுப் புறங்கையில் ஏந்தி, மறுபடி எறிந்து உள்ளங்கையில் பிடிப்பது. ஒவ்வொரு கட்டமும் சில நொடிகளுக்குள் முடிந்துபோகும். ஒவ்வொன்றும் கையிடம் புதிதாக ஒன்றைக் கேட்கும். தவறினால் கல் அடுத்தவள் கைக்குப் போகும்.

2004 அக்டோபரில் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் ‘மவாரு மேட் இன் வாரியோ’ என்ற விளையாட்டை வெளியிட்டது. மவாரு என்றால் ஜப்பானிய மொழியில் சுற்றுவது. 2005 மே மாதம் அது ‘வாரியோவேர் ட்விஸ்டெட்’ என்ற பெயரில் வட அமெரிக்காவுக்குப் போனது. உள்ளங்கைக்குள் அடங்கும் கேம் பாய் அட்வான்ஸ் கருவியில் செருகும் அட்டைக்குள்ளேயே, கருவி எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளக்கும் கைரோ உணரி ஒன்றை வைத்திருந்தார்கள். கருவியைக் கையோடு திருப்பினால் திரையில் இருப்பதும் திரும்பும். உள்ளே இருநூறுக்கும் மேற்பட்ட குட்டி விளையாட்டுகள். பெரும்பாலானவை ஐந்து நொடிக்குள் முடிந்துவிடும். போகப் போக வேகம் கூடும். கைக்கருவி விளையாட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைப் புதுமை என்று குறிப்பதில் தவறில்லை, உணரியைப் பொறுத்தவரை அது புதுமைதான். ஆனால் நொடிக்கணக்கில் முடியும் ஆட்டங்களை அடுக்கிக்கொண்டே போவது, உடல் அசைவையே விசையாகக் கொள்வது, வேகத்தையும் சிக்கலையும் படிப்படியாக ஏற்றுவது என்ற அமைப்பு கம்பம் பள்ளத்தாக்கின் திண்ணைகளில் மின்சாரம் வருவதற்கு முன்பே முழுமையாக இருந்தது. கேட்க வேண்டியது, அப்படியொரு அமைப்பு ஏன் பிறக்கிறது, யாருக்காக நிலைக்கிறது என்பதைத்தான்.

இதற்கு நின்டெண்டோவின் சொந்த வரலாற்றிலேயே ஒரு தடயம் இருக்கிறது. அந்நிறுவனத்தின் பொறியாளர் குன்பெய் யோகோய், புல்லட் ரயிலில் ஓர் அலுவலர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்; கையடக்க விளையாட்டுக் கருவி என்ற எண்ணம் அதிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. அப்படி 1980 ஏப்ரலில் வந்த ‘கேம் அண்ட் வாட்ச்’ வரிசையின் முதல் ஆட்டத்தின் பெயர் ‘பால்’. ஒரு மனிதன் இரண்டு கைகளாலும் பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கிறான், கீழே விழுந்தால் ஆட்டம் முடிந்தது. நம் இலக்கியத்தில் அம்மானை என்று வருவதும், ஜப்பானியச் சிறுமிகள் பயறு நிரப்பிய துணிப்பைகளை வைத்து ஆடும் ஓதெடாமாவும் இதே எறிந்து பிடிக்கும் ஆட்டங்கள்தான். நின்டெண்டோவின் கையடக்க வரிசை எறிந்து பிடிப்பதில் தொடங்கியது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே சிறு துண்டு நேரம் மட்டும் கிடைத்த ஒருவருக்காக அது யோசிக்கப்பட்டது. தன் நேரம் தன் கையில் இல்லாதவர்களின் ஆட்டம் குட்டியாகத்தான் இருக்க முடியும்.

கம்பம் பள்ளத்தாக்கில் நேரம் எப்படித் துண்டாடப்பட்டது என்பதற்கு அதன் விவசாய வரலாறே சான்று. 1895இல் பென்னிகுவிக் கட்டிய பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் இறங்கியது. இன்று லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் என்று கணக்கு. இருபோகம் என்றால் நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு எல்லாம் ஆண்டுக்கு இரண்டு முறை. அதில் பெரும்பங்கு பெண்கள் குனிந்து செய்யும் வேலை. மேலே ஏலத்தோட்டம். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மலைக்குப் போய் இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பும் பெண்கள் ஆயிரக்கணக்கில். அம்மா வயலிலோ தோட்டத்திலோ இருந்தால் கைக்குழந்தை யார் இடுப்பில் இருக்கும்? மூத்த பெண் பிள்ளையின் இடுப்பில். தண்ணீர் எடுக்கவும், அடுப்பைப் பார்க்கவும், ஆட்டுக்குட்டியை விரட்டவும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளுக்குப் பொழுது இருந்தது, ஆனால் நறுக்கு நறுக்காக.

சொட்டாங்கல்லின் விதிகளைப் பாருங்கள், அவை இவளை மனதில் வைத்தே செதுக்கப்பட்டவை போல இருக்கும். உட்கார்ந்த இடத்தில் ஆடலாம். ஒரு கை போதும். மடியில் குழந்தை தூங்கினாலும் ஆட்டம் நிற்காது. ஆளுக்கு ஆள் எந்தக் கட்டத்தில் நிற்கிறாள் என்பது அவரவர் கணக்கு. ஆகவே இரண்டானில், அதாவது இரண்டிரண்டாக எடுக்கும் கட்டத்தில், விட்டவள், கூப்பிட்ட குரலுக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்தாலும் இரண்டானிலிருந்து தொடரலாம். கருவி வாங்க வேண்டாம், ஆற்றுப்படுகையில் பொறுக்கிய ஐந்து கூழாங்கல் அல்லது ரோடு போடக் கொட்டிய ஜல்லி போதும். தோற்றவள் இழப்பது ஒரு முறைதான். காசோ மானமோ பெரிதாகப் போவதில்லை. எழுத்தில் பதியாத ஒரு வாழ்க்கையைப் பற்றி ஆவணம் தேடுகிறவர்களுக்கு இந்த விதிகளே ஆவணம். ஒரு விளையாட்டு எதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறது என்று பார்த்தால் அதை ஆடியவர்கள் எதையெல்லாம் பொறுத்துக்கொண்டார்கள் என்று தெரியும்.

பெண்கள் நீண்ட ஆட்டங்களும் ஆடினார்களே, தாயமும் பல்லாங்குழியும் மணிக்கணக்கில் போகுமே என்று ஒரு கேள்வி வரலாம். சரியான கேள்வி. ஆனால் அவை எப்போது ஆடப்பட்டன? பெரியவளாகித் தனியே உட்கார வைக்கப்பட்ட நாட்களில், பிள்ளைப்பேற்றுக்கு முந்தைய ஓய்வில், சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண் விழிக்கும் இரவில். வழக்கமே வேலையை நிறுத்தி வைத்த பொழுதுகள் அவை. வேலை நிற்கும்போது நீண்ட ஆட்டமும், வேலைக்கு நடுவே குட்டி ஆட்டமும் என்று பெண்களின் விளையாட்டே நேரத்தால் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பையன்களின் கிட்டிப்புள்ளும் சடுகுடுவும் மந்தைவெளியையும் முழுப் பிற்பகலையும் எடுத்துக்கொள்ளக் காரணம், இடமும் நேரமும் அவர்களுக்கு விட்டுக்கொடுக்கப்பட்டிருந்ததுதான்.

இன்னும் கனமான மறுப்பு சங்கப் பாடல்களிலிருந்து வருகிறது. இந்த ஆட்டத்தின் பழைய பெயர் கழங்கு. கெட்டியான கழற்சிக் காயை வைத்து ஆடியது. புறநானூற்றின் 36ஆம் பாடலில் ஆலத்தூர் கிழார் காட்டும் பெண்கள் ஆன்பொருநை மணலில் பொன்னால் செய்த கழங்கு ஆடுகிறார்கள். பெரும்பாணாற்றுப்படையிலும் பொற்கழங்கு வருகிறது. வேலை செய்கிற வீட்டுப் பெண் பொன்னை எறிந்து விளையாட மாட்டாள். எனவே இது உழைக்கும் பெண்கள் கண்டுபிடித்த ஆட்டம் என்று என்னால் வாதிட முடியாது, வாதிடவும் இல்லை. தோற்றம் எதுவாக இருந்தாலும் இரண்டாயிரம் ஆண்டுகள் அதைக் கையில் வைத்திருந்தவர்கள் யார் என்பதே என் அக்கறை. பொன் கழங்கு பாட்டோடு நின்றுவிட்டது, கூழாங்கல் நின்றுபோகவில்லை. விளையாட்டும் வேலையும் ஒட்டியே இருந்ததற்குச் சிலப்பதிகாரத்தில் நல்ல சான்று உண்டு: வாழ்த்துக் காதையில் அம்மானை வரி, கந்துக வரி, ஊசல் வரி ஆகியவற்றை அடுத்து, உலக்கை குத்தும்போது பாடும் வள்ளைப்பாட்டை இளங்கோ வைக்கிறார். பந்து எறியும் தாளமும் உலக்கை விழும் தாளமும் அவர் காதில் ஒரே வரிசையில் கேட்டிருக்கின்றன.

எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான் என்று சொல்வதற்கும் இங்கே இடமில்லை. ஐந்து கல் ஆட்டம் கிரேக்கத்தில் உண்டு, கொரியாவில் கோங்கி என்ற பெயரில் உண்டு. கூழாங்கல்லும் குழந்தையைச் சுமக்கும் அக்காவும் இருக்கும் இடமெல்லாம் அது வேர்பிடிக்கும். நம்மிடம் குறைவது பொருள் சான்றுதான். வருசநாட்டு மலையில் பிறந்து தேனி மாவட்டம் கடந்து போகும் வைகையின் கரையில் கீழடி இருக்கிறது. அங்கே பானை ஓட்டைத் தேய்த்துச் செய்த வட்டச் சில்லுகள் சுமார் 600 கிடைத்தன. அவை விளையாட்டுச் சில்லுகள் என்று தொல்லியல் துறை வகைப்படுத்தியது. அவற்றுக்கு வேறு பயன் இருந்திருக்கலாம் என்று கேட்பவர்களும் உண்டு. தேய்த்த ஓட்டுக்கே இந்த ஐயம் என்றால், தேய்க்காத கூழாங்கல்லின் நிலை என்ன? ஆட்டம் முடிந்ததும் அது மறுபடி வெறும் கல்.

கைரோ என்றதும் நம் ஆட்டங்களில் நேராக நினைவுக்கு வருவது பம்பரம். 1852இல் பூக்கோ என்ற பிரெஞ்சு அறிஞர் பூமியின் சுழற்சியைக் காட்ட ஒரு கருவி செய்து அதற்கு கைரோஸ்கோப் என்று பெயரிட்டார். வேகமாகச் சுழலும் பொருள் தன் அச்சை எளிதில் விட்டுக்கொடுக்காது என்பதே அதன் அடிப்படை. ஆணியில் நிற்கும் பம்பரத்துக்கும் அதே விதிதான். ட்விஸ்டெட்டின் உணரிக்குள் பம்பரம் எதுவும் சுழலவில்லை; அதிரும் சிறு பொருள் ஒன்று, திருப்பும்போது தன் அதிர்வின் திசை விலகுவதை வைத்துச் சுழற்சியை அளக்கிறது. பையன்களின் பம்பர ஆட்டத்தில் நொடிக்கணக்கு நுழைவது ‘அபீட்’டில். எல்லோரும் ஒரே நேரத்தில் பம்பரத்தை விட்டு, சாட்டையால் சுண்டி மேலே எழுப்பிக் கையில் பிடிக்க வேண்டும். கடைசியாகப் பிடித்தவனின் பம்பரம் வட்டத்துக்குள் போகும், மற்றவர்கள் தங்கள் பம்பர ஆணியால் அதைக் குத்தி ஆக்கர் வைப்பார்கள். அபீட் மூன்று, நான்கு நொடி. அதன் பிறகு வரும் குத்துகள் நீளும். பையன்களுக்குக் குட்டி ஆட்டம் பெரிய ஆட்டத்தின் வாசலாக இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு அந்த வாசலுக்கு அப்பால் அறை இல்லை.

செல்போன் வந்துதான் சொட்டாங்கல் அழிந்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நான் அதை முழுதாக ஏற்கவில்லை. பெண் பிள்ளைகள் இடைநிற்காமல் பள்ளியில் படிக்கத் தொடங்கியதும், சத்துணவும் அங்கன்வாடியும் வந்ததும், இடுப்பிலிருந்து தம்பி இறங்கினான். திண்ணை வைத்த வீடுகள் குறைந்தன. ஒரு விளையாட்டைத் தாங்கிய சுமை இறங்கினால் அந்த விளையாட்டும் இறங்கும். சுமை இறங்கியதற்காக நான் வருந்த மாட்டேன். வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. இன்று ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் பெண்களின் கைகளில் செல்போன் இருக்கிறது, கைரோ உணரி உள்ள போன்களும் அவற்றில் உண்டு. மெட்டு ஏறும் அந்த ஒரு மணி நேரம் இன்னும் துண்டு நேரம்தான். ஆனால் அதில் கட்டை விரல் ஒன்றுக்கு மட்டுமே வேலை.

கீழடி அருங்காட்சியகத்தில் சில்லுகளுக்குக் கண்ணாடிப் பெட்டி கிடைத்துவிட்டது. சொட்டாங்கல்லுக்குப் பெட்டி வேண்டாம், கல்லில் ஒன்றுமில்லை. கூடலூரிலும் சின்னமனூரிலும் ஆண்டிபட்டியிலும் அறுபது, எழுபது வயதைத் தாண்டிய பெண்களிடம் நான்காம் கட்டத்துக்குப் பிறகு என்ன வரும், அதற்கு என்ன பெயர், எந்தப் பாட்டுக்கு எந்த எறி என்று ஊர்வாரியாகக் கேட்டு எழுதி, கை அசைவைப் படம் பிடித்து வைக்க வேண்டும். ஐந்து கல்லைத் தரையில் போட்டால் போதும், அவர்களின் கைகளுக்கு வரிசை இன்னும் நினைவிருக்கும்.