இன்சூரன்ஸ்காரர் செய்த மேக்னம்

காமர்ஸ் படிப்பவனுக்குத் தோட்டாவோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இது வியாபாரக் கதையும்தான்.

ராய் வெதர்பி 1910-ல் அமெரிக்காவின் கான்சாஸில் பிறந்தவர். கலிபோர்னியாவில் இன்சூரன்ஸ் விற்றார். அடிபட்ட மான் சாகாமல் தப்பியோடித் துடிப்பது அவரை உறுத்தியது. குண்டின் வேகத்தைக் கூட்டினால் தீரும் என்று நம்பினார்.

1925-ல் வந்த ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் .300 மேக்னம் தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, அதன் சரிவைக் குறைத்து, கூடுதல் மருந்துக்கு இடம் பண்ணினார். 1944-ல் பிறந்தது .300 வெதர்பி மேக்னம். அடுத்த வருடமே சவுத் கேட்டில் கடை!

ஆனால் இந்தத் தோட்டாவை அப்போது எந்தப் பெரிய தொழிற்சாலையும் செய்யவில்லை. பழைய தோட்டாவைப் புது துப்பாக்கியில் சுட்டால் கூடு விரிந்து புது வடிவம் பெறும். அதில்தான் மறுபடி மருந்தும் குண்டும் கையால் நிரப்ப வேண்டும். பிறகுதான் ஸ்வீடனின் நோர்மா நிறுவனம் செய்து கொடுத்தது.

வேகம் ஏறினால் அழுத்தமும் ஏறும். அதைத் தாங்க 1958-ல் ஒன்பது பூட்டுப் பற்கள் கொண்ட மார்க் 5 துப்பாக்கி வந்தது.

வேகம் மட்டும் போதுமா? 1946-ல் கனடாவில் ஜான் நோஸ்லர் மேக்னம் துப்பாக்கியால் சுட்ட மூஸ் மான் விழவில்லை. குண்டு மேலேயே சிதறிவிட்டது. அதனால் நடுவில் தடுப்புள்ள பார்ட்டிஷன் குண்டை அவர் உருவாக்கி, 1948-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

பேனாவுக்கு மை போல, துப்பாக்கி, கூடு, குண்டு மூன்றும் இணைப் பொருட்கள். ஒன்று பின்தங்கினாலும் துடிப்பது அந்த மான்தான்.