தணிக்கையின் ஊடே ஒரு போர்க்களம்: முதல் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்களின் மடல்கள்

1914 செப்டம்பர் இறுதியில் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் வந்திறங்கத் தொடங்கிய இந்தியப் படைப்பிரிவுகள், அக்டோபர் மாதத்திலேயே மேற்குப் போர்முனைக்கு அனுப்பப்பெற்றன. பஞ்சாப், கார்வால், நேபாளம், வடமேற்கு எல்லைப்புறம் முதலிய பகுதிகளின் உழவர் குடிகளிலிருந்து திரட்டப்பெற்ற இவ்வீரர்களுள் பெரும்பாலோர் எழுத்தறிவு பெறாதவர்கள். போரைப் பற்றித் தன்வரலாறோ நாட்குறிப்போ விட்டுச் சென்றவர் மிகச் சிலரே. ஆதலின் அவர்கள் பட்டறிந்த போரை அறிய முதன்மைச் சான்றாக அமைபவை அவர்கள் ஊருக்கு அனுப்பிய மடல்கள். ஆனால் மூல மடல்களுள் மிகப் பெரும்பாலானவை இன்று இல்லை; எஞ்சியிருப்பவை தணிக்கை அலுவலகம் எடுத்தெழுதிய ஆங்கிலப் பகுதிகளே.

அரசுக்கு எதிரான பரப்புரை படையினுள் நுழைகிறதா என்று கண்காணிப்பதற்காகவே இத்தணிக்கை ஏற்பட்டது. இதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் இந்தியக் குடிமைப் பணியைச் சேர்ந்த ஈ. பி. ஹோவெல். சிப்பாய் சொல்ல, எழுத்தர் எழுத, மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலமாக்க, தணிக்கையாளர் வேண்டியதைத் தெரிந்தெடுத்தார். ஊரில் மடல் உரக்கப் படிக்கப்படும், பலர் கேட்பர் என்பதும் சொல்வோனுக்குத் தெரியும். டேவிட் ஒமிசி 1999இல் தொகுத்து வெளியிட்ட மடல் தொகுப்பின் முன்னுரை இச்சிக்கலை விரிவாகவே பேசுகிறது. எனினும் அத்தொகுப்பிலிருந்து ஒரு தொடரை மட்டும் பிரித்தெடுத்துச் 'சிப்பாயின் குரல்' எனக் காட்டும் பழக்கம் நிற்கவில்லை.

தணிக்கை உண்டு என்பதைச் சிப்பாய்கள் விரைவிலேயே உணர்ந்துகொண்டனர். இந்திய வீரர்களைக் கருமிளகு என்றும் வெள்ளையரைச் செம்மிளகு என்றும் குறித்து, கையிருப்பில் எது எவ்வளவு தீர்ந்தது என்பதுபோல உயிரிழப்பைத் தெரிவித்தனர். இம்மறைமொழியைத் தணிக்கையாளர் கண்டுகொள்ளாமல் இல்லை. இதனினும் ஆழ்ந்த நோக்குக்கு உரியவை அவர்களின் உவமைகள். குண்டுவீச்சைப் பருவமழையாகவும் பிணங்களை அறுத்துக் கிடத்திய கதிர்க்கட்டுகளாகவும் அவர்கள் கண்டனர். இவற்றை வழக்கிழிந்த உவமைகள் என்று ஒதுக்குவது பொருந்தாது. போரை வேளாண்மையாகக் காண்பது தமிழ் மரபுக்கும் புதிதன்று. வாகைத் திணையின் மறக்களவழித் துறை வேந்தனை உழவனாக்கிப் போர்க்களத்தை ஏர்க்களமாக்கும். அங்கே அறுப்பவன் யார் என்பது தெளிவு. பாடலின் நோக்கமே அவனைப் புகழ்வதுதான். சிப்பாயின் மடலிலோ கதிர் இருக்கிறது, அறுப்பவன் இல்லை. மழையைப் பெய்விப்பவன் என்று எவரையும் சுட்டவும் இயலாது. கண்ணுக்குப் புலப்படாத தொலைவிலிருந்து பீரங்கி கொல்லும் போரில், எதிரியின் முகத்தையே காணாமல் அகழிக்குள் கிடந்தவனின் பட்டறிவை இவ்வுவமைகள் துல்லியமாகவே தாங்கி நிற்கின்றன. நான்கு கைகளைக் கடந்தும் இவை சிதையாமைக்கு, உவமை மொழிபெயர்ப்பில் எளிதில் அழியாது என்பதும் ஒரு காரணமாகலாம்.

ஹோவெலும் நடையைச் சான்றாகவே படித்தார். 1915இன் தொடக்கத்தில் மடல்களில் கவிதை மிகுவதைக் கண்ட அவர், அதனை இலக்கிய ஆர்வமாகக் கொள்ளாமல் மனக்கலக்கத்தின் அறிகுறியாகத் தம் அறிக்கையில் குறித்தார். காயம் ஆறியவர்கள் மீண்டும் போர்முனைக்கே அனுப்பப்படுவது அக்காலத்தில் பெருங்குறையாக ஒலித்தது. உறவினர் எவரும் படையில் சேர வேண்டாம் என்று தடுத்து எழுதியோரும் உளர். இத்தகைய மடல்கள் சில நிறுத்திவைக்கப்பட்டன. அவை ஊர் சென்று சேரவில்லை. எடுத்தெழுதிய பகுதிகள் மட்டும் இலண்டன் பிரித்தானிய நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் உள்ளன.