சிறுவீட்டுப் பொங்கல்



பொங்கல் விடுமுறை என்றதும் உங்களுக்குத் தொலைக்காட்சிதான் நினைவுக்கு வரும். 1970-ஐ ஒட்டி ஆழ்வார்குறிச்சியில் எங்களுக்குச் சிறுவீட்டுப் பொங்கல்!

நெல்லைச் சீமையின் பழைய வழக்கம் இது. மார்கழி முழுவதும் வாசல் கோலத்தில் சாணத்தில் செருகிய பூசணிப்பூவைப் பெண்பிள்ளைகள் அன்றன்றே வரட்டியாகத் தட்டிக் காயவைப்பார்கள். தை பிறந்ததும் முற்றத்தில் களிமண்ணால் சாண் உயரச் சுவர் எழுப்பி, அடுக்களையோடு சிறுவீடு கட்டுவார்கள். மண் சுமப்பது என் வேலை. அதன் வாசலில் சிறு பானையில் அக்காமாரே பொங்கலிடுவார்கள். பிறகு வரட்டிமேல் வெற்றிலையில் சூடம் ஏற்றிக் கடனாநதியில் விடுவோம். திருப்புடைமருதூரில் அந்த நதி தாமிரபரணியைச் சேரும். கரையில் அடிப்பிடித்த பொங்கலுக்குத்தான் போட்டி.

முற்றம் போனது, வழக்கமும் போகிறது. இந்தத் தையில் நம் பேத்திகளுக்கு வளாகத்தில் ஒரு மூலை ஒதுக்குவோமா?