யாழ்தேவி: மாங்குளம் வழியே ஓடிய கடுகதி

சென்ற வாரம் 1905இல் வடபாதை கொழும்போடு இணைந்தது வரை பார்த்தோம். இந்த வாரம் அந்தப் பாதையின் செல்லப்பிள்ளையான யாழ்தேவி.

முல்லைத்தீவுப் பட்டினத்துக்குக் கோச்சி வந்ததே இல்லை. முள்ளியவளை, ஒட்டுசுட்டான் தாண்டி ஏறக்குறைய 50 கிலோமீற்றர் மேற்கே போனால்தான் மாங்குளம் ஸ்டேசன். ஆனாலும் யாழ்தேவி என்றால் இந்த மாவட்டத்துப் பெரியவர்களுக்குச் சொந்தக் கோச்சி மாதிரித்தான்.

1956 ஏப்ரல் 23இல் அது ஓடத் தொடங்கியது. பொறியியலாளராக இருந்து புகையிரதத் திணைக்களத்தின் பொது முகாமையாளரான பி. டி. ரம்பாலவின் காலம் அது. தெற்கே ருகுணு குமாரி, மலைநாட்டுக்கு உடரட்ட மெனிக்கே, வடக்கே யாழ்தேவி என்று கடுகதிகளுக்குப் பெண் பெயர்கள் சூட்டினார்கள். கரிக்கோச்சிகள் மெல்ல விடைபெற, கொழும்புத் திட்டத்தில் கனடா கொடுத்த டீசல் இயந்திரங்கள் வந்தன. அவற்றுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்கள். ஒன்றின் பெயர் ஒன்டாரியோ. பிற்காலத்தில் நம் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த ஒன்டாரியோவிலேயே குடியேறுவார்கள் என்று அன்று யார் கண்டது!

யாழ்தேவியைச் சொகுசுக் கோச்சி என்றதும் இன்றைய குளிரூட்டிய பெட்டியை நினைக்கவேண்டாம். முதலாம் வகுப்பு மெத்தை, உணவுப் பெட்டியில் தேநீர், பகலிலேயே கொழும்புக்குப் போய்ச் சேரும் வேகம். அந்நாளில் அதுவே பெரிய சொகுசு.

பாரிஸிலிருந்து இஸ்தான்புல் வரை ஓடிய ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் 1977இல் நின்றதற்கு விமானம் ஒரு காரணம். யாழ்தேவியை நிறுத்தியது யுத்தம். 1985 ஜனவரி 19இல் முறிகண்டிக்கு அருகே அது குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானது. படையினரோடு பொதுமக்களும் மாண்டார்கள். 1990 ஜூனோடு யாழ்ப்பாணச் சேவையே நின்றுபோனது. பிறகு தண்டவாளத்தைக் கிளப்பினார்கள்; இரும்பும் சிலிப்பர் கட்டையும் பங்கர்களுக்குக் கூரையாயின. ஷெல்லுக்குப் பயந்து அவற்றின் கீழே பதுங்கியவர்களில் அதே கோச்சியில் போய்வந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

இந்தியக் கடனுதவியோடு இர்கொன் நிறுவனம் பாதையைத் திரும்பப் போட்டது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் கோச்சி வந்தது. பெயர் பழையதுதான், பழைய மவுசு திரும்பவில்லை. அந்த இடைவெளியில் பயணிகள் பஸ்ஸுக்குப் பழகிவிட்டார்கள். முல்லைத்தீவில் இரவு ஏறினால் விடியக் கொழும்பு என்றிருக்க, மாங்குளத்துக்கு யார் அலைவது?

கோச்சி நேரம் பார்த்து மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு பஸ் விட்டாலே போதும், பலர் திரும்பி வருவார்கள். போக்குவரத்து அதிகாரிகள் இதை யோசிக்கவேண்டும்.

(தொடரும்)