சேத்துப்பட்டில் கிடைத்த விடை

காசநோய்க்கு மருந்து வரும்முன் நல்ல காற்றும் ஓய்வும் சத்தான சாப்பாடும்தான் சிகிச்சை. டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928-இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் அந்த நம்பிக்கையில் எழுந்தது. பக்கத்து ரயில் நிலையத்துக்கு இன்றும் அதுதான் பெயர். ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளுக்குக் கட்டில்கள் எந்தக் காலத்திலும் போதவில்லை. 1952-இல் விலை மலிவான ஐசோனியசிட் மருந்து வந்ததும், வீட்டில் இருந்தபடியே நோயைக் குணப்படுத்த முடியுமா என்ற கேள்வி எழுந்தது.

அதற்கு விடை தேடி 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துதான்: ஐசோனியசிட்டும், பாஸ் (PAS) என்ற மற்றொரு மருந்தும்.

வயிற்றைப் புரட்டும் பாஸை வீட்டில் ஒழுங்காக விழுங்குகிறார்களா என்பதுதான் பெரிய கவலை. அதனால் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து, மீதமிருக்கும் மருந்தை எண்ணுவார்கள். சிறுநீரையும் வாங்கிப் போவார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்பதைச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

முடிவுகள் 1959-இல் வெளிவந்தன. ஓராண்டு முடிவில் வீட்டுப் பிரிவில் 86 சதவீதத்தினரிடமும், சானடோரியப் பிரிவில் 92 சதவீதத்தினரிடமும் நோய் அடங்கியிருந்தது. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது அது 90-ம் 89-மாக இருந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு கிடைத்தது, எடையும் கூடியது; ஆனாலும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும் அதனால் தொற்று கூடிவிடவில்லை. ஏழை வீட்டுக் குழந்தைகளைத் தாயிடமிருந்து மாதக்கணக்கில் பிரித்துவைக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேறு வேண்டியதில்லை.

வீட்டுச் சிகிச்சையை அடித்தளமாகக் கொண்டு 1962-இல் தேசியத் திட்டம் வந்தது. ஆனால் சேத்துப்பட்டில் இருந்த கண்காணிப்பு அதில் இல்லை. 1992-இல் மறுஆய்வு செய்தபோது பாதிப் பேர்கூடச் சிகிச்சையை முடிக்கவில்லை என்று தெரிந்தது. இதற்குத் தீர்வாக வந்த, ஊழியர் கண்ணெதிரே மருந்தை விழுங்கவைக்கும் முறைக்கும் வித்திட்டது அதே மையத்தின் 1964-ஆம் ஆண்டு ஆய்வுதான். வாரம் இரு முறை நேரடியாகக் கொடுத்த ஸ்ட்ரெப்டோமைசின், ஐசோனியசிட் கூட்டு, நோயாளிகள் வீட்டில் தாமாகத் தினமும் சாப்பிட்ட மருந்தைவிட நன்றாகப் பலன் தந்தது. 1997-இல் விரிவாக்கப்பட்ட, திருத்தியமைக்கப்பட்ட தேசியத் திட்டம் இந்த முறையைக் கைக்கொண்டு, 85 சதவீதம் குணமாக வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2006-இல் நாடு முழுவதையும் எட்டியபோது அந்த இலக்கும் எட்டப்பட்டிருந்தது.